காலேஜ் ஃபுட்பாலில் இவ்வளவு பணம் எப்படி? அமெரிக்க முன்னாள் மாணவர்களின் பற்றும் அதன் கணக்கும்

2025 ஜூன் 6ஆம் தேதி கலிஃபோர்னியாவில் ஃபெடரல் நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்கில் ஒரு சமரச ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அதன்படி அந்த ஆண்டு ஜூலை 1 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் அணிகளில் ஆடும் மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். 2016லிருந்து ஆடி, காசு பார்க்காமலே போனவர்களுக்கு 10 ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் நிலுவைத் தொகை.

படித்தவர்களில் பலருக்குத் தலை சுற்றியிருக்கும். நம் ஊரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் மைதானத்தில் ஆடுகிற பிள்ளைகள், பிசிகல் டைரக்டர், நிழல் பார்த்து ஒதுங்கிய நாலைந்து நண்பர்கள், அவ்வளவுதான். அங்கே மட்டும் இவ்வளவு பணம் எப்படிப் புழங்குகிறது? டிவி உரிமை என்பது பாதி விடைதான். மீதியைத் தெரிந்துகொள்ள, பட்டம் வாங்கி 40 வருடம் கழித்தும் சனிக்கிழமை தவறாமல் காலேஜ் நிறச் சட்டையைப் போட்டுக்கொள்கிற முன்னாள் மாணவரைப் புரிந்துகொள்ள வேண்டும். அவருடைய பற்று எங்கிருந்து வந்தது, எந்த வழியாகப் பணமாகிறது, இப்போதைய மாற்றங்களில் எது அதை உண்மையிலேயே அசைக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு குறிப்பு: இங்கே ஃபுட்பால் என்பது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்.

முதலில் அளவு

மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரின் மக்கள்தொகை சுமார் 1.2 லட்சம். அங்குள்ள பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். கிட்டத்தட்ட ஊரையே உள்ளே உட்கார வைத்துவிடலாம். 1927இல் கட்டிய மைதானம் இது. அமெரிக்காவில் லட்சத்துக்கு மேல் இருக்கை உள்ள மைதானங்கள் எட்டு, எட்டுமே பல்கலைக்கழகங்களுடையவை. என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் எந்த அணியின் மைதானத்திலும் அத்தனை நிரந்தர இருக்கை கிடையாது.

நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் ஆட்டங்களுக்கு 1962லிருந்து எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்வதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஃபுட்பால் மட்டுமல்ல. 2023 ஆகஸ்டில் அதே மைதானத்தில் பெண்கள் வாலிபால் ஆட்டம் ஒன்று வைத்தார்கள். வந்தவர்கள் 92,003 பேர்.

பல்கலைக்கழகம் ஏன் மாநிலத்தின் அணி ஆனது?

இதற்கு வரலாற்றுக் காரணங்கள் மூன்று. மூன்றாவதுதான் கனமானது.

1. தொடக்கத்திலேயே வியாபாரம். அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் விளையாட்டு, 1852இல் ஹார்வர்டும் யேலும் நியூ ஹாம்ப்ஷயரின் ஏரி ஒன்றில் நடத்திய படகுப் போட்டி. செலவை ஏற்றது ஒரு ரயில்வே கம்பெனி. பயணிகளைத் தன் தடத்துக்கு இழுப்பது அதன் நோக்கம். "அந்தக் காலத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது" என்று புலம்புகிறவர்களுக்கு இந்தத் தகவல் பிடிக்காது.

2. போட்டியின் சூடு. 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் அணி பிரின்ஸ்டனை 6-4 என்று வென்றது. கல்லூரி ஃபுட்பாலின் முதல் ஆட்டம் அது. 1905க்குள் ஆட்டம் உயிர்ப்பலி வாங்கும் அளவுக்கு முரட்டுத்தனமாகி, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பல்கலைக்கழகங்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. அதன் தொடர்ச்சியாக 1906இல் உருவான அமைப்புதான், கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுப்பதாகச் செய்திகளில் நாம் இப்போது பார்க்கும் என்.சி.ஏ.ஏ.

3. வேறு அணி இல்லாமை. 1862இல் வந்த மாரில் சட்டம், மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து விவசாய, தொழில்நுட்பக் கல்லூரிகளைத் தொடங்க வைத்தது. அவற்றில் பல பெருநகரங்களுக்கு வெளியே, சின்ன ஊர்களில் முளைத்தன. மாணவர்கள் வீட்டைவிட்டு வந்து நான்கு வருடம் அங்கேயே தங்கினார்கள். என்.எஃப்.எல். 1920இல் தொடங்கியபோது அதன் அணிகள் வடகிழக்கிலும் வடக்கே பேரேரிகளைச் சுற்றிய தொழில் நகரங்களிலும்தான் இருந்தன. டல்லாஸுக்கு நிலையான அணி கிடைத்தது 1960இல்; அட்லாண்டாவுக்கு 1966, நியூ ஆர்லியன்ஸுக்கு 1967. அதுவரை தெற்கில் ஒருவருக்கு "நம்ம டீம்" என்றால் மாநிலப் பல்கலைக்கழகம்தான். அலபாமாவிலும் நெப்ராஸ்காவிலும் இன்றைக்கும் பெரிய லீக் அணி எதுவும் இல்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தில் காலடி வைக்காதவர்கள் கூட அதன் தீவிர ரசிகர்களாக இருப்பது ஏன் என்பதும் இதில் விளங்கும். முன்னாள் மாணவர்கள் இந்தக் கூட்டத்தின் மையம். அவர்களைச் சுற்றி ஒரு மாநிலமே நிற்கிறது.

பற்று தானாக வளர்வதில்லை: டெக்சஸ் ஏ அண்ட் எம்

இளமைக்கால நினைவுகள் எல்லோருக்கும் இனிமையானவைதான். ஆனால் அந்த இனிமை மட்டுமே 60 வயதில் செக் எழுத வைக்காது. அதற்குச் சடங்கு வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. இதை மிகக் கவனமாகச் செய்த இடம் டெக்சஸ் ஏ அண்ட் எம். 1876இல் ராணுவப் பயிற்சியோடு தொடங்கிய கல்லூரி. 1965 வரை கேடட் படையில் சேர்வது கட்டாயம். இன்று அது நாட்டின் மிகப்பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்று, கேடட்கள் சிறுபான்மை. ஆனாலும் சடங்குகள் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன.

மோதிரம். குறிப்பிட்ட அளவு பாடங்களை முடித்த பிறகுதான் வாங்க முடியும். படிக்கும்வரை மோதிரத்திலுள்ள வருட எண் அணிபவரைப் பார்த்து இருக்கும். பட்டம் வாங்கியதும் வெளியுலகைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். விமான நிலையத்தில், அலுவலகத்தில், ஒரு மோதிரம் இன்னொரு மோதிரத்தை அடையாளம் கண்டுகொள்ளும். வேலை தேடும்போது அதன் மதிப்பு தனி.

பன்னிரண்டாவது ஆள். ஃபுட்பாலில் களத்தில் ஓர் அணிக்கு 11 பேர். 1922 ஜனவரியில் டல்லாஸில் சென்டர் காலேஜுக்கு எதிராக நடந்த ஆட்டத்தில் ஏ அண்ட் எம் அணியில் காயங்கள் குவிந்தன. பார்வையாளர் பக்கம் இருந்த கிங் கில் என்ற மாணவரைப் பயிற்சியாளர் கீழே கூப்பிட்டார். அவர் உடை மாற்றிக்கொண்டு, தேவைப்பட்டால் இறங்கத் தயாராக ஓரத்தில் நின்றார். அணி 22-14 என்று வென்றது. அவர் களம் இறங்கவே இல்லை. அந்த "நின்றார்" என்பதுதான் கதை. இன்றுவரை அங்கே மாணவர்கள் ஆட்டம் முழுக்க உட்காருவதில்லை. அப்புறம் கவனிக்க வேண்டியது: அந்த விளையாட்டுத் துறைக்கு நன்கொடை திரட்டும் அமைப்பின் பெயரே பன்னிரண்டாவது ஆள் ஃபவுண்டேஷன்.

மஸ்டர். ஒவ்வொரு ஏப்ரல் 21 அன்றும் முன்னாள் மாணவர்கள் எந்த ஊரில், எந்த நாட்டில் இருந்தாலும் கூடுகிறார்கள். அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களை வகுப்பு அட்டெண்டன்ஸ் போல வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் உறவினரோ நண்பரோ எழுந்து "இருக்கிறார்" என்ற பொருளில் பதில் சொல்லி, மெழுகுவத்தி ஏற்றுவார். 1942இல் பிலிப்பைன்ஸின் கொரெகிடோர் தீவில் ஜப்பானியத் தாக்குதலுக்கு நடுவே இந்தக் கல்லூரியில் படித்த வீரர்கள் இந்த நாளை நினைவுகூர்ந்தது செய்தியாகி, வழக்கம் உலகம் முழுக்கப் பரவியது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. டெக்சஸ் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்துக்கு முன் மாணவர்களே மரக்கட்டைகளை அடுக்கிக் கொளுத்தும் பெரும் சொக்கப்பானை ஒரு வழக்கமாக இருந்தது. 1999 நவம்பர் 18 அதிகாலை அந்த அடுக்கு சரிந்து 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் வளாகத்தில் அதை நடத்தவில்லை. மாணவர்கள் தாங்களே கட்டியதைத் தங்கள் பெருமையாக நினைத்ததால்தான் அத்தனை வருடம் அது நிற்காமல் நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

மற்ற பல்கலைக்கழகங்களில் ஹோம்கமிங் இந்த வேலையைச் செய்கிறது: வருடத்துக்கு ஒரு ஆட்டத்தை ஒட்டி முன்னாள் மாணவர்களை ஊர்வலம், விருந்து என்று வரவழைப்பது. மைதானத்துக்கு வெளியே காலையிலிருந்தே வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சாப்பாடு கொடுக்கும் டெயில்கேட்டிங்கும் அதோடு சேர்ந்தது.

"ஜெயிச்சோம்", "தோத்துட்டாங்க"

உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழு பல்கலைக்கழகங்களில், ஃபுட்பால் ஆட்டத்துக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை வகுப்புகளில் எத்தனை மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடையில் வருகிறார்கள் என்று எண்ணினார்கள். அணி வென்ற வாரங்களில் எண்ணிக்கை கூடியது. தொலைபேசியில் ஆட்டத்தின் முடிவைக் கேட்டபோது வெற்றியை "நாங்கள்" என்றும் தோல்வியை "அவர்கள்" என்றும் சொல்லும் போக்கு தெரிந்தது. பிறர் பெருமையில் குளிர்காய்வது மனித இயல்பு, சரி. ஆனால் இது பற்றில் ஒரு பகுதியை மட்டுமே விளக்குகிறது. பல ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டே இருக்கும் அணிகளுக்கும் மைதானம் நிறைகிறதே, அதற்கு மேலே சொன்ன சடங்குகள்தான் காரணம்.

பற்று எப்படிப் பணமாகிறது?

1. இருக்கைக்கு முன் நன்கொடை. பெரிய அணிகளில் நல்ல இடத்தில் சீசன் டிக்கெட் வேண்டுமென்றால் டிக்கெட் விலை போதாது. முதலில் "நன்கொடை" கொடுத்தால்தான் டிக்கெட் வாங்கும் உரிமையே கிடைக்கும். இந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வரிவிலக்கு கோரலாம் என்று சட்டமே இருந்தது. 2017 வரிச் சட்டம்தான் அதை எடுத்தது. அதாவது பல ஆண்டுகள் இந்தப் பற்றுக்கு அரசாங்கமே மானியம் கொடுத்திருக்கிறது.

2. பூஸ்டர்கள். விளையாட்டுத் துறைக்குப் பெருந்தொகை கொடுப்பவர்களுக்கு இந்தப் பெயர். எண்ணெய்த் தொழிலதிபர் பூன் பிக்கன்ஸ், தான் படித்த ஓக்லஹோமா ஸ்டேட்டின் விளையாட்டுத் துறைக்கு ஒரே தவணையில் 16.5 கோடி டாலர் கொடுத்தார். மைதானத்துக்கு அவர் பெயர்தான். பணம் கொடுத்தவர் பேசாமல் இருப்பாரா? பயிற்சியாளரை வைப்பதிலும் தூக்குவதிலும் பூஸ்டர்களின் குரல் பெரிது. 2023 நவம்பரில் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை ஒப்பந்தம் முடியும் முன்பே நீக்கியது. அவருக்குத் தர வேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல், வேலை செய்யாமல் இருப்பதற்கு. விளையாட்டுத் துறையின் வருமானமும் நன்கொடைகளுமே இதற்குப் போகும், பாடத்துறைப் பணம் போகாது என்று பல்கலைக்கழகம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

3. விண்ணப்பங்கள். 1984இல் பாஸ்டன் காலேஜின் டக் ஃப்ளூட்டி கடைசி நொடியில் வீசிய ஒரு நீண்ட பாஸ் மயாமியை வீழ்த்தியது. அடுத்து அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பங்கள் கூடின. இது அவர் பெயராலேயே "ஃப்ளூட்டி விளைவு" ஆயிற்று. 2013இல் வந்த ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் ஆய்வு ஒன்று, சுமாரான அணி சிறந்த அணியானால் விண்ணப்பங்கள் 18.7 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டது. இந்தப் பலன் நிலைக்க வேண்டுமானால் தொடர்ந்து வெல்ல வேண்டும் என்பதுதான் சிக்கல்.

4. மாணவர் கட்டணம். செலவை வருமானத்தில் சமாளிக்கும் விளையாட்டுத் துறைகள் வெகு சில. மற்றவை பல்கலைக்கழக மானியத்திலும் மாணவர் கட்டணத்திலும் ஓடுகின்றன. எம்.எஸ். படிக்கப் போகும் நம் பிள்ளைகளின் ஃபீஸ் பட்டியலில் கூட சில இடங்களில் அத்லெடிக்ஸ் ஃபீ என்று ஒரு வரி இருக்கும். ஆட்டத்தின் விதி தெரியாதவரும் கட்ட வேண்டும். மொத்த ஏற்பாட்டிலும் நியாயப்படுத்த முடியாத பகுதி இதுதான்.

சரி, ஃபுட்பால் இல்லாவிட்டால் முன்னாள் மாணவர்கள் பல்கலைக்கழகத்தை மறந்துவிடுவார்களா? சிகாகோ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஆண்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 1935இல் முதன்முதலில் வென்ற வீரர் ஜே பெர்வாங்கர் அங்கே ஆடியவர். நான்கே வருடத்தில், 1939இல், தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஃபுட்பாலையே மூடினார். காலியாக இருந்த ஸ்டாக் மைதானத்தின் பார்வையாளர் படிகளுக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிக்கோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்திய அணுத் தொடர்வினையை நடத்தியது. சிகாகோவின் பெயர் அதனால் குறையவில்லை. ஆனால் அது ஏற்கெனவே பெயர் பெற்ற, பணக்காரத் தனியார் பல்கலைக்கழகம். பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகக் கிளை 2014 டிசம்பரில் செலவைக் காரணம் காட்டி ஃபுட்பாலை நிறுத்தியபோது நிலைமை வேறு. முன்னாள் மாணவர்களும் ஊர்க்காரர்களும் கொதித்து எழுந்து பணம் திரட்ட, ஆறே மாதத்தில் முடிவு மாறியது. 2017இல் அணி மறுபடி களம் இறங்கியது.

"மாணவ வீரர்" என்ற ஏற்பாடு எப்படிச் சரிந்தது?

இத்தனை பணத்திலும் ஆடுகிறவருக்குக் கிடைத்தது ஸ்காலர்ஷிப், தங்குமிடம், சாப்பாடு. ஏன்? 1950களில் என்.சி.ஏ.ஏ. அவர்களை "மாணவ வீரர்" என்று அழைக்கத் தொடங்கியது. 1955இல் கொலராடோவில் ஆட்டத்தில் அடிபட்டு ஒரு மாணவர் இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். இறந்தவர் ஊழியர் அல்ல என்று மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் பல பத்தாண்டுகள் கழிந்தன. பிறகு நீதிமன்றங்களிலேயே அது படிப்படியாகத் தேய்ந்தது:

1. 1984: டிவி உரிமைகளை என்.சி.ஏ.ஏ. தன் கையில் வைத்திருந்தது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் கான்ஃபரன்ஸ்களுக்கும் போனது. கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் அட்டவணை போட்டு ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. டிவி பணம் பெருகியது இதற்குப் பிறகுதான்.
2. 2009: முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், வீடியோ கேமில் தன் உருவத்தைக் காசு தராமல் பயன்படுத்தியதற்காக வழக்குப் போட்டார். 2014இல் அவருக்குச் சாதகமான தீர்ப்பைக் கொடுத்தவரும் இதே வில்கன்தான்.
3. 2021 ஜூன்: ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் என்.ஐ.எல். வந்தது. அதாவது வீரர் தன் பெயர், உருவம், தோற்றம் ஆகியவற்றை விளம்பரத்துக்கு விற்றுக்கொள்ளலாம்.
4. 2025: தொடக்கத்தில் சொன்ன ஒப்பந்தம்.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் நடந்ததுதான் முன்னாள் மாணவர்களை நேரடியாகத் தொட்டது. "கலெக்டிவ்" என்ற பெயரில் பூஸ்டர்கள் நிதி திரட்டி, விளம்பர ஒப்பந்தம் என்ற போர்வையில் வீரர்களுக்குக் கொடுத்தார்கள். இதே காலத்தில், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்கள் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலின் விதிகளும் தளர்ந்தன. முன்பு அணி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும், இப்போது வேண்டியதில்லை. விளைவாக, மைதானத்துக்கு, கட்டடத்துக்கு, ஸ்காலர்ஷிப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவரிடம் அடுத்த வருடம் எங்கே ஆடுவாரோ தெரியாத வீரருக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். 2025 ஒப்பந்தத்துக்குப் பிறகு 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களை ஒரு தனி ஆணையம் சரிபார்க்கிறது.

பற்றை உடைப்பது எது?

வீரர்களுக்குப் பணம் கொடுத்தால் ரசிகர்கள் விலகிவிடுவார்கள் என்று என்.சி.ஏ.ஏ. நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வாதாடியது. என்.ஐ.எல். வந்து இரண்டு வருடம் கழித்து, 2023 மிச்சிகன்-ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தை டிவியில் சுமார் 1.9 கோடி பேர் பார்த்தார்கள். மைதானங்களும் நிறைகின்றன. காரணம் எளியது: நான்கு வருடத்துக்கு ஒருமுறை முழுதும் மாறிவிடும் அணிமேல் யாரும் தனி வீரரை நம்பிப் பற்று வைப்பதில்லை. நிறத்தின்மேல், ஊரின்மேல், முக்கியமாக எதிராளியின்மேல் வைக்கிறார்கள்.

அதனால் உண்மையான ஆபத்து கான்ஃபரன்ஸ் மாற்றங்கள் என்பது என் கணிப்பு. டெக்சஸும் ஏ அண்ட் எம்மும் 1894லிருந்து மோதியவை. ஏ அண்ட் எம் வேறு கான்ஃபரன்ஸுக்குப் போனதால் 2011க்குப் பிறகு அந்த ஆட்டமே நின்றது. டெக்சஸும் அங்கேயே வந்து சேர்ந்த பிறகு 2024 நவம்பர் 30 அன்றுதான் மறுபடி ஆடினார்கள். இடையில் படித்து முடித்த மாணவர்கள் பரம எதிரியை ஒருமுறை கூடக் களத்தில் பார்க்காமல் வெளியேறினார்கள். 1915இல் தொடங்கிய மேற்குக் கடற்கரையின் பேக்-12 கான்ஃபரன்ஸ், டிவி பணத்துக்காகப் பத்து உறுப்பினர்கள் வெளியேற, 2024இல் ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டோடு நின்றது. அந்த இரண்டின் முன்னாள் மாணவர்களிடம் பற்றுக்குக் குறைவே இல்லை. டிவி சந்தைதான் சின்னது. 1869இல் அடுத்த ஊர் பிரின்ஸ்டனோடு ஆடிய ரட்கர்ஸ், இன்று கிட்டத்தட்ட 4,000 கி.மீ. தள்ளி இருக்கும் லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ.வுடன் ஒரே கான்ஃபரன்ஸில் இருக்கிறது.

எதிராளி நிலையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குத் தெரிந்த சாட்சி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அது பல்கலைக்கழகம் அல்ல, பள்ளிக்கூடம். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904லிருந்து ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டமான வடக்கின் பெரும்போர், டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்களை இன்னும் கட்டிப்போடுகிறது. அங்கே ஸ்கோரைவிட எதிரில் யார் என்பதுதான் பெரிது.

இனி கவனிக்க வேண்டியவை

- மற்ற விளையாட்டுகள். நீச்சல், தடகளம், டென்னிஸ் போன்றவற்றுக்கு ஃபுட்பால் வருமானம்தான் சோறு போடுகிறது. அமெரிக்க ஒலிம்பிக் அணியில் பெரும்பாலோர் இந்தப் பல்கலைக்கழக அணிகளில் வளர்ந்தவர்கள். வருடத்துக்கு 2 கோடி டாலர் வீரர்களுக்குப் போனால் முதலில் வெட்டு விழுவது இவற்றுக்குத்தான்.

- பெண்கள். கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டம் இந்தப் பணப் பகிர்வுக்குப் பொருந்துமா? பெரும்பகுதி ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து வீரர்களுக்கே போகிறது. நிலுவைத் தொகைப் பங்கீட்டை எதிர்த்துப் பெண் வீரர்கள் சிலர் உடனே மேல்முறையீடு செய்தார்கள்.

- ஊழியரா, மாணவரா? 2025 ஒப்பந்தம் இதைத் தொடவில்லை. டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து மாணவர்கள் 2024 மார்ச்சில் 13-2 என்று தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். நீதிமன்றமோ நாடாளுமன்றமோ ஊழியர் என்று சொல்லிவிட்டால் சம்பளம், காப்பீடு, வேலைநிறுத்த உரிமை எல்லாம் பின்னாலேயே வரும். உச்சவரம்பு எவ்வளவு என்பதையும் பிறகு பல்கலைக்கழகங்கள் தனியாக முடிவு செய்ய முடியாது. சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.